கமலக்கா சொல்லாத பாதி

ஜெர்மன் நகரமான பீலெஃபெல்ட்டில் எங்கள் தமிழ் ஆட்களுக்கு வருத்தம் துன்பம் என்று வந்தால் முதலில் கமலக்காவுக்குத்தான் போன் போகும். அவளுக்கு எந்த நாள் வசதி என்று கேட்டு அறிந்துகொண்டுதான் சிலர் டொக்டரைப் பார்க்க நாளும் நேரமும் குறிக்கிற ரெர்மினே எடுப்பார்கள். அவள் கூட வந்தால் போதும், பாதி வருத்தம் சுகம் என்று சொல்லிக்கொள்வார்கள்.

கமலநாயகி படித்தவள் இல்லை. ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஜெர்மன் மொழியை அவள் கற்றுக்கொண்டது தான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் சலவை அறையில். தொலைந்த காலுறையைத் தேடிக்கொண்டு வருகிற கிழவிகள் அப்படியே கதிரையில் உட்கார்ந்து, முழங்கால் உளைகிறது, நெஞ்சு எரிகிறது, இரவில் மூச்சு இழுக்கிறது என்று சொல்லத் தொடங்குவார்கள். படுக்கை விரிப்புகளை மடித்தபடி அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். வருசக்கணக்காகக் கேட்டதில் உடம்பின் நோவுகளுக்கெல்லாம் அவளிடம் ஜெர்மன் சொல் சேர்ந்துவிட்டது. வங்கிக்குப் போனால் இப்போதும் நாக்குத் தடுக்கும். டொக்டரிடம் போனால் தடுக்காது.

நாலு பேர் கூடுகிற இடத்தில் அவள் வாய் திறப்பதில்லை. பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் குசினி வாசலோரம் ஒரு கதிரை பிடித்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, யார் யாரோடு முகம் கொடுத்துக் கதைக்கிறார்கள், யார் சிரித்துவிட்டு அடுத்த கணம் முகத்தைத் தொங்கப்போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். “உன்ரை வாயைக் காப்புறுதி செய்துவைச்சிருக்கிறியோ?” என்று அவளுடைய கணவர் உருத்திரமூர்த்தி பகிடி பண்ணுவார். டொக்டரின் அறையில் மட்டும் அவளுக்கு இடம் இருந்தது. டொக்டர் நோயாளியைப் பார்த்துப் பேசுவார், நோயாளி டொக்டரைப் பார்த்துப் பேசுவார். இருவருக்கும் நடுவில் இருக்கிற அவளை யாரும் பார்ப்பதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஜெர்மன் டொக்டர்மார் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரித்தான் அவர்கள் புற்றுநோயையும் சொல்வது. எங்கள் ஆட்களிடம் அது செல்லாது. கெட்ட செய்தியை நோயாளியின் காதில் போடக்கூடாது. வீட்டாரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் பார்த்துச் சொல்லுவார்கள், அல்லது சொல்லாமலே விடுவார்கள். இன்னாசித்தம்பி அண்ணையின் நுரையீரலில் கட்டி என்று சொன்ன அன்று கமலநாயகி அவரிடம், “மருந்து தருவினமாம் அண்ணை, பயப்பிடாதையுங்கோ” என்றாள். மிச்சத்தைப் படிக்கட்டில் வைத்து அவருடைய மனைவி றோசம்மாவிடம் சொன்னாள். செத்த வீட்டில் றோசம்மா அவளுடைய கையைப் பிடித்து, “கடைசி மட்டும் அந்த மனுசன் நிம்மதியாக இருந்தது உன்னால தான் பிள்ளை” என்று அழுதாள். அதற்குப் பிறகு எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பதும் தன்னுடைய வேலைதான் என்று கமலநாயகி நினைத்துவிட்டாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. தானாக நினைத்ததுதான்.

லோசனி அவளுடைய தம்பி விமலநாதனின் மனைவி. முழுப்பெயர் பத்மலோசனி. நாற்பதைத் தாண்டியும் மெலிந்து, நெட்டையாய், எந்த நேரமும் எதையாவது சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிற பெண். கலியாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து தமிழ்க் கடையிலேயே வேலை செய்ததால் ஜெர்மன் அவளுக்கு ஒட்டவில்லை. போன வருசம் அவளுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று வீட்டு டொக்டர் சொன்னபோது ஒருவரும் திடுக்கிடவில்லை. “எங்கட ஆக்களிலை சீனி இல்லாத வீடு எது மச்சாள்? கடையிலை மட்டும்தான் சீனி தட்டுப்பாடு” என்று அவளே சிரித்தாள். ஆனால் மருந்துக் குளிசை போட்டும் சீனி இறங்கவில்லை. சோற்றைக் குறைத்தாள். உடம்புதான் குறைந்தது. அதனால் வீட்டு டொக்டர் அவளைச் சீனி வருத்தத்துக்கென்றே இருக்கிற டொக்டரிடம் அனுப்பினார்.

அந்த ரெர்மின் ஏப்ரலில் வந்தது. விமலநாதனுக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் பகல் முறை வேலை. ஆகவே கமலநாயகி போனாள்.

டொக்டர் நரைத்த முடியைக் குட்டையாய் வெட்டிய ஒரு பெண். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். இது வயதானவர்களுக்கும் பருத்தவர்களுக்கும் வருகிற வழக்கமான சீனி வருத்தம் இல்லை. உடம்பைக் காவல் காக்க வேண்டிய அணுக்களே இன்சுலின் சுரக்கிற இடத்தைத் தாக்குகின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு இது சில கிழமைகளுக்குள் முற்றிவிடும். பெரியவர்களுக்கு மெல்ல மெல்ல வரும். எவ்வளவு மெல்ல என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். டொக்டர் ஒரு தாளை எடுத்துச் சரிவாய் இறங்குகிற இரண்டு கோடுகள் போட்டார். ஒன்று மலைப்பாதை மாதிரி நீண்டு இறங்கியது. மற்றது படிக்கட்டு மாதிரி.

“இவருடைய இரத்தத்தில் தாக்குகிற பொருள் மிக அதிகம். உடம்பும் மெலிவு. அதனால் இவர் இந்தக் கோட்டில் இருக்கிறார் என்று நினைக்கிறேன்” என்று படிக்கட்டின் மேல் பேனாவை வைத்தார். “இன்னும் ஒன்று, ஒன்றரை வருடத்தில் இன்சுலின் தேவைப்படும். நாளைச் சொல்ல முடியாது, ஆனால் திசை தெரிகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொந்த இன்சுலின் எவ்வளவு மிச்சம் என்று நான் பார்க்க வேண்டும். வீட்டு டொக்டர் கொடுத்த குளிசை சிறுநீரோடு சீனியை வெளியே தள்ளுவது. இப்போதைக்குப் போடட்டும். ஆனால் சாப்பிடாமல் இருக்கக்கூடாது. சாப்பிட முடியாத நாளில் அந்தக் குளிசையை உடனே நிறுத்த வேண்டும். வாந்தி வந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், மீட்டரில் சீனி நல்லதாகக் காட்டினாலும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இது மிக முக்கியம்.”

கமலநாயகிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. பக்கத்தில் லோசனி அவளுடைய சட்டைக் கையின் நுனியைப் பிடித்தபடி, டொக்டரின் வாயையும் தாளில் இருந்த கோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னவாம் மச்சாள்? இவ்வளவு நேரம் கதைக்கிறா. படமும் கீறுறா.”

எங்கள் சனத்துக்கு இன்சுலின் ஊசி என்றால் கடைசிப் படி. ஊசி போடத் தொடங்கினால் அடுத்தது கண், அதற்கடுத்தது கால் என்று சொல்லிச் சொல்லியே பயந்து வைத்திருக்கிறார்கள். இன்னும் வராத ஒன்றை, வரும் என்று இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? வாயால் சொன்னால் பலித்துவிடாதா?

“எல்லாம் நல்லமாம்” என்றாள் கமலநாயகி. “கொஞ்சம் கவனமாக இருக்கட்டாம். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வரட்டாம். குளிசையை இப்பிடியே போடட்டாம்.”

“இவ்வளவுக்கோ அந்தப் பெரிய கதை?”

“வெள்ளைக்காரர் அப்பிடித்தானே.”

டொக்டர் இருவரையும் பார்த்து, “எல்லாம் விளங்கியதா? கேள்வி ஏதும் உண்டா?” என்று கேட்டார். “இல்லை” என்று கமலநாயகி தானே பதில் சொன்னாள்.

தம்பியிடம் சொல்லிவிடலாம் என்பதுதான் அவளுடைய எண்ணம். அன்று பின்னேரம் போன் எடுத்தாள். விமலநாதன் தொழிற்சாலை இரைச்சலுக்குள், “என்னக்கா, சொல்லு கெதியா” என்றான். “ஒண்டுமில்லை, பேந்து கதைக்கிறன்” என்று வைத்துவிட்டாள். பிறகு அவர்களுடைய மகள் லக்சிகாவுக்குப் பரீட்சை வந்தது. அந்த நேரம் வேண்டாம் என்று விட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் பிரான்ஸில் ஒரு கலியாணத்துக்குப் போனார்கள். சொல்ல வேண்டியது தள்ளிப்போகப் போக, இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. லோசனியோ முன்போலவே சிரித்துக்கொண்டு திரிந்தாள். கோடைகாலத்து ரெர்மினை, “எல்லாம் நல்லமெண்டால் லீவுக்குள்ளை ஏன் போகோணும் மச்சாள்?” என்று அவளே நவம்பருக்குத் தள்ளிவைத்தாள். போகத்தான் வேண்டும் என்று சொல்லக் கமலநாயகிக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைத்தான் அவள் விழுங்கிவிட்டிருந்தாளே.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது.

அவர்கள் இருவரும் வருசா வருசம் சேர்ந்து விரதம் பிடிப்பவர்கள். ஆறு நாளும் தண்ணீரும் பாலும் மட்டும். சூரன்போர் முடிந்து அடுத்த நாள் காலையில் பாறணைச் சோறு. இந்த முறை கமலநாயகி முன்னதாகவே கதையைத் தொடங்கிப் பார்த்தாள்.

“லோசனி, நீ இந்தமுறை ஒரு நேரமாவது சாப்பிடன். சீனிக் குளிசை போடுறனியெல்லோ.”

“நீங்கள் பட்டினி கிடக்க நான் புட்டுச் சாப்பிடுறதோ? முருகன் என்னைப் பாத்துச் சிரிக்கமாட்டாரோ?”

“டொக்டர் கவனமாக இருக்கச் சொன்னவ…”

“சீனிக்காரர் சாப்பாட்டைக் குறைக்கிறது கவனம்தானே? இந்தச் சீனி போகட்டும் எண்டுதான் நான் இந்தமுறை நேர்ந்து பிடிக்கிறன் மச்சாள்.”

சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் இனி வராது என்று கமலநாயகிக்குத் தெரிந்தது. சொல்லக்கூடாது என்பதும் அதே அளவுக்குத் தெரிந்தது: ஒருத்தி நேர்த்தி வைக்கிற நேரத்தில் அந்த வருத்தம் போகாது என்று யார் சொல்வார்கள்? வாயை மூடிக்கொண்டாள்.

விரதம் தொடங்கிய பிறகு லோசனி தினமும் விரலில் குத்திப் பார்த்துவிட்டுக் குரல்செய்தி அனுப்பினாள். “மச்சாள், இண்டைக்குத் தொண்ணூற்றிச் சொச்சம்! இந்த வருத்தம் வந்த நாளிலையிருந்து இப்பிடி நான் கண்டதில்லை. முருகன் கண் திறந்திட்டார்.” கமலநாயகி அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாள். சலவை அறையில் விரிப்பு மடிக்கும்போது தன்னையறியாமல் சிரித்தாள். பார்த்தாயா, அந்த டொக்டரின் கோடு பிழையாய்ப் போனது, நான் சொல்லாமல் விட்டது எவ்வளவு நல்லது என்று அவளுக்குள் ஒன்று சொன்னது. பிறகு எத்தனையோ இரவுகளில் அவளுடைய நெஞ்சை அறுத்தது அந்தச் சிரிப்புத்தான்.

சூரன்போர் நாளில் மழை தூறிக்கொண்டிருந்தது. கார் ரயர் விற்கிற கடைக்குப் பக்கத்தில், முன்பு தளபாடக் கிடங்காக இருந்த கட்டிடம்தான் கோயில். கார் தரிப்பிடத்தில் சூரன் தலை மாற்றி மாற்றி ஆடினான். சேலைக்கு மேலே குளிர்ச் சட்டை போட்ட பெண்கள் குடைக்குள் நின்று பார்த்தார்கள். லோசனி வெளியே வரவில்லை. சப்பாத்து வைக்கிற இடத்து வாங்கிலில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கமலநாயகி உள்ளே வந்து பார்த்தபோது அவள் இரண்டாம் முறை வாந்தி எடுத்து முடித்திருந்தாள்.

“விரதக் களை தான். தேசிக்காய்த் தண்ணி குடுங்கோ” என்றாள் ஒருத்தி.

“சீனி இறங்கியிருக்கும். பாருங்கோ” என்றாள் இன்னொருத்தி.

மீட்டரில் நூற்றுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. “அது நல்லாத்தானே இருக்கு!” என்று எல்லோரும் ஆறுதலடைந்தார்கள்.

கமலநாயகி மட்டும் ஆறுதலடையவில்லை. அவள் பார்க்கத் தெரிந்தவள். லோசனி ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்குவதைப் பார்த்தாள். ஆனால் அவள் ஓடவில்லை. கிட்டப் போனபோது வாயிலிருந்து நகப்பூச்சு அழிக்கிற திராவகத்தின் மணம் வந்தது. மீட்டரில் சீனி நல்லதாகக் காட்டினாலும் வர வேண்டும். இது மிக முக்கியம். ஏப்ரலில் கேட்ட சொற்கள் கேட்ட ஒழுங்கிலேயே அவளுக்குள் இருந்தன, ஒன்றும் தொலையவில்லை.

அவள் அவசர இலக்கத்துக்குப் போன் எடுத்தாள். அம்புலன்ஸ் வந்ததும் அதில் வந்த இளைஞர்களிடம் வாய் தடுக்காமல் சொன்னாள்: இது உடம்பு தன்னையே தாக்குகிற சீனி வருத்தம், தாக்குகிற பொருள் மிக அதிகம், இன்சுலின் முடிந்துகொண்டு வரும் என்று டொக்டர் சொன்னவ, சிறுநீரில் சீனியைத் தள்ளுகிற குளிசை போடுகிறா, ஆறு நாளாகச் சாப்பிடவில்லை, மீட்டரை நம்ப வேண்டாம். தமிழில் ஒரு சொல்லும் வராத அத்தனையும் ஜெர்மனில் ஊற்றாகக் கொட்டியது. “நல்லது, இதைச் சொன்னது நல்லது” என்று ஒருவன் அவளுடைய தோளைத் தட்டினான்.

சாமியைத் தோளில் சுமந்துகொண்டிருந்த விமலநாதன் அதை வேறொருவரிடம் மாற்றிவிட்டு ஓடி வந்திருந்தான். வெற்று மார்பில் திருநீறு மழையில் கரைந்து வழிந்தது. அவன் முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும்.

“அக்கா” என்றான். “இது உனக்கு எப்ப தெரியும்?”

அவள் லோசனியின் கைப்பையை எடுத்து அவனிடம் நீட்டினாள். அம்புலன்ஸ் கதவைச் சாத்தப்போகிறார்கள் என்றதும் அவன் அப்படியே உள்ளே ஏறிப் போனான். அடுத்த நாள் பாறணைச் சோற்றைக் கமலநாயகி தொடவில்லை. உருத்திரமூர்த்தி பகிடி எதுவும் பண்ணாமல் தட்டை எடுத்து மூடிவைத்தார்.

லோசனி பிழைத்தாள். இரத்தத்தில் அமிலம் கூடிப் புளித்துப்போய், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, பிறகு சாதாரண வார்டுக்கு வந்தாள். விமலநாதன் தமக்கையின் போனை எடுக்கவில்லை. மருமகள் லக்சிகா மட்டும், “மாமி, அம்மா உங்களை வரச் சொல்லுறா. டொக்டரோட கதைக்க வேணுமாம்” என்று சொன்னாள்.

“நீ நிண்டு கதைக்கலாமே பிள்ளை?”

“நான் வேண்டாமாம். நீங்கள்தான் வேணுமாம்.”

வார்டு டொக்டர் இளம் பெண். கட்டிலின் ஓரமாகக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இப்போது அளந்து பார்த்ததில் சொந்த இன்சுலின் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இனி வாழ்நாள் முழுவதும் ஊசி வேண்டும். அந்தக் குளிசை இனி ஒருபோதும் வேண்டாம்” என்றார். பிறகு தாளைப் புரட்டி, “இப்படி வரும் என்று வசந்த காலத்திலேயே கணித்திருக்கிறார்கள். பட்டினி கிடக்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறது. இது உங்களுக்குத் தெரியுமா? தயவுசெய்து கேளுங்கள்” என்றார்.

கேட்கத்தான் வேண்டும். கமலநாயகி கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “லோசனி, உனக்கு இப்பிடி வரும் எண்டு ஏப்ரலிலை சொன்னதாம். விரதம் பிடிக்கக் கூடாது எண்டும் சொன்னதாம். அது உனக்குத் தெரியுமோ எண்டு கேக்கிறா.”

லோசனி அவளைப் பார்த்தாள். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது.

“தெரியும் எண்டு சொல்லுங்கோ மச்சாள். நான்தான் கேக்கேல்லை எண்டு சொல்லுங்கோ.”

கமலநாயகி டொக்டர் பக்கம் திரும்பினாள். தெரியும் என்று சொல்கிறா என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “ஆனால் அவவுக்குத் தெரியாது. என்னிடம் சொன்னார்கள். நான் அவவிடம் சொல்லவில்லை.”

டொக்டர் திட்டுவார் என்று தலையைக் குனிந்து காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. “சரி. அப்படியென்றால் இப்போது எல்லாவற்றையும் சொல்லுங்கள். நான் மெதுவாகச் சொல்கிறேன்” என்றார். ஏசியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு வசனமாக டொக்டர் சொல்ல, ஒவ்வொரு வசனமாக அவள் தமிழில் சொன்னாள். ஊசி. வாழ்நாள் முழுக்க. சீனி சடுதியாக இறங்குகிற ஆபத்து. கண்ணை வருசா வருசம் பார்க்க வேண்டும். காலையும் பார்க்க வேண்டும். கண்ணையும் காலையும்கூட அவள் விடவில்லை. லோசனி கடைசிவரை கேட்டாள்.

“முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது.”

“இதுக்கோ மச்சாள் பயந்தனீங்கள்? உங்கட அம்மான்ரை வாய் குத்தின குத்தைவிடவோ இந்த ஊசி குத்தப்போகுது?”

டொக்டர் என்ன சொல்கிறா என்று கேட்டார். தன் மாமியாரைப் பற்றிச் சொல்கிறா என்று கமலநாயகி மொழிபெயர்த்தாள். டொக்டர் சிரித்தார், லோசனியும் சிரித்தாள், சிரித்தபடியே முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. எட்டித் தொடலாமா என்று நினைத்த கமலநாயகி, கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் போன்கள் குறைந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. செய்தி தானாகப் போயிருந்தது. றோசம்மா கடையில் கண்டு, “நீ நல்லதுக்குத்தானே செய்தனி” என்றாள். அதைக் கேட்டபோது இன்னாசித்தம்பி அண்ணையின் முகம் அவளுக்கு நினைவு வந்தது. நிம்மதியாகத்தான் போனாரா, அல்லது தன் பிள்ளைகளிடம் சொல்ல நினைத்ததைச் சொல்ல நேரமில்லாமல் போனாரா? அதை இனி யாரிடம் கேட்பது?

அடுத்த ரெர்மின் தை மாதத்தில் வந்தது. நரைமுடி டொக்டரிடம் லோசனியை லக்சிகா கூட்டிப்போனாள். “நீங்களும் வாங்கோ மச்சாள், தனிய இருந்து என்ன செய்யப்போறியள்?” என்று லோசனி கூப்பிட்டதால் கமலநாயகியும் ட்ராமில் கூடப் போனாள். பெயர் கூப்பிட்டதும் தாயும் மகளும் எழுந்தார்கள். அவளும் பழக்கத்தில் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துகொண்டாள். லோசனியின் கைப்பை அவளுடைய மடியில் இருந்தது. அதற்குள் ஊசிப் பேனாவும், சீனி இறங்கினால் குடிக்கவென்று ஒரு பழச்சாறுப் பெட்டியும். இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டு சாத்திய கதவைப் பார்த்தபடி இருந்தாள்.

வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. லோசனி முதலில் வந்தாள்.

“என்னவாம்?”

“எல்லாம் நல்லமாம் மச்சாள். கொஞ்சம் கவனமாக இருக்கட்டாம்.”

பின்னால் வந்த லக்சிகா போனைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. அந்தக் குனிவைக் கமலநாயகிக்குத் தெரியும். அது உண்மையாகவே போனைப் பார்க்கிற குனிவாகவும் இருக்கலாம்.

முழுக்கச் சொன்னாயா பிள்ளை என்று கேட்க அவளுடைய வாய் உன்னியது. கேட்கிற வாய் அது இல்லை என்று அடுத்த கணம் தோன்றியது. எழுந்து, கைப்பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் ட்ராம் நிறுத்தத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் லோசனியின் மூச்சைக் கேட்டுக்கொண்டே போனாள்.